நாக்கு நுனியில் மூன்று புள்ளி

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை ஏழு மணியோடு பேச்சை நிறுத்திவிட்டேன். கழுகுமலை முருகனுக்கு வேண்டுதல். கோமதிக்குப் பிள்ளை பிறந்து அது அழுகிற சத்தம் என் காதில் விழும்வரை வாய் திறப்பதில்லை. ஒரு வேளைச் சோறு. மீன், முட்டை, கறி, பால், தயிர், மோர் எதுவும் கிடையாது.

எனக்கோ ஊசியில் நூல் கோர்க்கும்போதுகூடப் பேச ஆள் வேண்டும். சாயங்காலத்துக்குள் வயிறு உப்பிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் அளவு நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் கோவில்பட்டிப் பெண்களின் தோள், மார்பு, கை நீளம். பின்பக்கத்தை யாரும் புரட்ட மாட்டார்கள்.

கோமதி என் தம்பி காளிராஜின் பெண்டாட்டி. முழுகாமல் இருக்கிறாள், இரண்டு மாதம். எனக்குத் தெரிவதற்கு முன்பே எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. தம்பி நேற்று தையல் மிஷின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, ஒரு சமாச்சாரம். கேட்டுட்டு நீ ஒண்ணும் சொல்லிராத."

பிறகு சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவன் போன பிறகு ஒரு ஜாக்கெட்டின் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டிவிட்டேன்.

என் நாக்கு நுனியில் பிறவியிலேயே மூன்று கரும்புள்ளி. கருநாக்கு. சொன்னால் பலித்துவிடும் என்பார்கள். பத்து வயதில் பக்கத்து வீட்டு எருமையைப் பார்த்து "இது ஏன் படுத்தே கிடக்கு, செத்துப்போயிருமா?" என்று கேட்டேன். செத்தது. இருபத்தாறு வயதில் வீட்டுக்காரரோடு சண்டை. "எங்கயாவது போய்த் தொலைங்க" என்றேன். எல்லாப் பெண்டாட்டிகளும் சொல்வதுதான். அவர் லாரியை எடுத்துக்கொண்டு போனார். கயத்தாறு தாண்டவில்லை. அன்றிலிருந்து பதினெட்டு வருஷமாகத் தம்பி வீடுதான் எனக்கு வீடு.

ஆகஸ்ட் 25, திங்கள்

கழுத்தில் ஒரு சிலேட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியாலேயே அதில் எழுதிக் காட்டுவேன். அமலி டீச்சர் ஜாக்கெட் கொடுக்க வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சண்முகத்தாயி, உன்ன இப்படிப் பாக்க ஒண்ணாங்கிளாஸ் சேந்தாப்புல இருக்கு. எழுத்து மட்டும் கோழி கிண்டுன மாதிரி!"

எனக்கும் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரிப்பது எப்படி என்று இப்போதுதான் பழகுகிறேன்.

கோமதி சிரிக்கவில்லை. சோறு போடும்போது, "மதினி, மோர்கூட வேண்டாமா? உங்களுக்குச் சுகர் வேற இருக்கு. இதெல்லாம் என்னத்துக்கு?" என்றாள். 'உனக்காகத்தான்' என்று எழுதினேன். அவள் முகம் கறுத்துவிட்டது. நன்றி கெட்டவள் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

போன தடவை நடந்ததை எழுதியே தீரவேண்டும். இல்லாவிட்டால் அது தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம். கோமதிக்கு நான்காவது மாதம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தன் மஞ்சள் பாவாடையைத் தனி வாளியில் ஊறப்போட்டிருந்தாள். தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி இருந்தது. மட்டமான துணி, சாயம் இறங்குகிறது என்று நினைத்தேன். மஞ்சள் துணியில் அந்த நிறம் எப்படி என்று கேட்க வாய் வந்தது, வேலை மும்முரத்தில் விட்டுவிட்டேன். அவளுக்கு அன்று முகமே சரியில்லை. வியாழக்கிழமை தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் தூக்கி வந்தாள். எனக்குப் பதறியது.

"ஏட்டி, இப்படித் தூக்குனா பிள்ள எப்படி வயித்துல தங்கும்?"

இதுதான் நான் சொன்னது. அன்று சாயங்காலமே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். தங்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கோமதியின் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். தம்பி பார்க்கவே இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

அக்டோபர் 3, வெள்ளி

ரசம் வாயில் பட்டதும் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. மிளகு அதிகம் போலிருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

மிளகு இல்லை. இட்லிகூட எரிகிறது. உடம்பு சூடு. மிஷினில் நாள் முழுக்க உட்கார்ந்தால் சூடு ஏறாமல் என்ன செய்யும்? மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்து சாப்பிட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்திருக்கிறது. கொட்டாவி விட்டால் கண்ணில் தண்ணீர் வருகிறது.

மருந்துக்கடை ஜெயபால் அண்ணாச்சியிடம் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "நாக்க நீட்டுங்க பாப்போம்" என்றார். நான் நீட்டுவேனா? பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டே நீட்டாதவள். தலையை ஆட்டிவிட்டேன். அவர் சத்து மாத்திரையும் வாயில் தடவ ஒரு களிம்பும் கொடுத்தார். "பத்து நாள்ல கேக்கலேன்னா டாக்டர்ட்ட காமிச்சிருங்க. சுகர்காரவுக சும்மா விடக்கூடாது" என்றார்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்தது. முப்பத்தொரு ஜாக்கெட். முதுகு போய்விட்டது. கோமதி அதிரசம் சுட்டாள். எண்ணெய் வாசனை மட்டும்தான் தெரிந்தது. இனிப்பு என்று நாக்குக்குத் தெரியவில்லை. அட்டையைத் தின்கிற மாதிரி தின்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் நாக்கைப் பார்த்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். தோலுரித்த தக்காளி மாதிரிச் சிவந்து மொழுமொழுவென்று இருக்கிறது. நாக்கில் சொரசொரப்பு இருக்க வேண்டாமா? ஒன்றுமே இல்லை. வீங்கி, ஓரமெல்லாம் பல் பதிந்த தடம். பயந்துபோனேன்.

நவம்பர் 6, வியாழன்

முருகா!

புள்ளி இரண்டுதான் இருக்கிறது. நடுப்புள்ளியைக் காணோம். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இல்லை. மற்ற இரண்டும் சலவைக்குப் போன மாதிரி வெளுத்திருக்கின்றன.

இது சூடு இல்லை. நான் எவ்வளவு பெரிய முட்டாள்! வேண்டுதல் வேலை செய்கிறது. அந்தக் கருப்பு நிறத்தை முருகன் எரித்து எடுக்கிறான். எரியாமல் எப்படிப் போகும்? அண்ணாச்சி கொடுத்த மாத்திரையையும் களிம்பையும் பாபின் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். மணத்தக்காளியையும் நிறுத்தியாயிற்று. குளிர்ச்சி கொடுத்து நாமே கெடுக்கக்கூடாது.

இன்று சோறு எரிய எரியச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

செருப்பில் ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. வீட்டு வாசலுக்கு வந்துதான் பார்த்தேன். லூசான செருப்பு. வேறு வாங்க வேண்டும்.

டிசம்பர் 8, திங்கள்

மூன்றும் போய்விட்டன. நாக்கு முழுக்க ஒரே சிவப்பு, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. ஒரு பொட்டுக் கருப்பு இல்லை. அழுதேன். நாற்பத்துநான்கு வயதில் முதல் தடவையாக எல்லோருக்கும் இருக்கிற நாக்கு எனக்கும் இருக்கிறது. கோமதியைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று கை பரபரத்தது. பிள்ளை பிறக்கட்டும், ஒரே அடியாகக் காட்டலாம்.

மற்றபடி வேலைதான் ஓடவில்லை. மிஷினை மிதித்தால் கால் பஞ்சு மூட்டைமேல் இருக்கிற மாதிரி. நிற்கிறதா ஓடுகிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருக்கிறது. மூச்சு வாங்குகிறது. பனிக்காலம், கால் மரத்துத்தான் போகும்.

டிசம்பர் 15, திங்கள்

இஸ்திரிப் பெட்டி பாதத்தில் சாய்ந்திருக்கிறது. தீய்ந்த வாடை வந்தது, துணிதான் கருகுகிறது என்று மேசையெல்லாம் தேடினேன். என் கால்தான். வலி தெரியவில்லை, அதனால் பெரிய காயமாக இருக்காது.

டிசம்பர் 17, புதன்

இஸ்திரிப் பெட்டி காலில் பட்டுவிட்டது. தீய்ந்த வாடை வந்தது. துணி என்று நினைத்தேன். என் கால்.

இதை முன்னாலேயே எழுதியிருக்கிறேனே? மேலே பார்த்தால் இருக்கிறது. ஒரே காயத்தை இரண்டு தரம் எழுத எனக்கு என்ன கேடு?

ஜனவரி 6, செவ்வாய்

வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கோமதிக்குப் பச்சைப் பட்டு. ஜாக்கெட்டை நான்தான் தைக்கவேண்டும் என்று அவளே கேட்டாள். "வெளிய குடுக்கலாமே" என்று அவள் அம்மா போனில் சொன்னது எனக்கும் கேட்டது. "மதினி இருக்கும்போது வெளிய என்னத்துக்கு?" என்றாள் கோமதி. நான் தலையைக் குனிந்துகொண்டு நூலைப் பல்லால் கடித்தேன்.

சடங்குக்கு நான் முன்னால் வரமுடியாது. தாலி இல்லாதவள், கருநாக்குக்காரி, இரண்டு தகுதியும் எனக்கு உண்டு. ஆனால் நான் தைத்த துணி அவள் உடம்பில் இருக்கும்.

ஜனவரி 17, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் கோமதியின் அம்மா சங்கரன்கோவிலிலிருந்து வந்து இறங்கினார். ஜாக்கெட் கடைசி ஊக்கில் நின்றது. கூடத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"ரத்தம்! அய்யோ, வளகாப்பு ஜாக்கெட்ல ரத்தம்! எல்லாம் இவளோட வேல! வாயத் தச்சுக்கிட்டாலும் கண்ணு சும்மா இருக்குமா?"

குனிந்து பார்த்தேன். பச்சைப் பட்டில் முதுகுப் பட்டி முழுக்க ரத்தம். கோமதிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவளைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"மதினி, உங்க விரலப் பாருங்க."

இடது ஆள்காட்டி விரலில் ஊசி குத்தி மறுபக்கம் வந்து, நகத்துக்குக் கீழே ஒடிந்து நிற்கிறது. அதோடு நான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வலிக்கலியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் ஒடிந்த ஊசியைப் பிடுங்கினாள். அப்போதும் வலிக்கவில்லை. அவள்தான் அழுதாள்.

ஜனவரி 19, திங்கள்

நேற்று வேறு ஜாக்கெட் போட்டு வளைகாப்பு நடந்தது. நான் உள் அறையில் இருந்தேன். வளையல் சத்தம் கேட்டது.

இன்று பெரிய ஆஸ்பத்திரி. கோமதிதான் பிடிவாதமாகத் தம்பியை அனுப்பினாள். டாக்டரம்மா சின்ன வயது. சிலேட்டைப் பார்த்து, "பேச வராதா?" என்று கேட்டார். தம்பி வேண்டுதலைச் சொன்னான்.

"சரி, பேச வேண்டாம். வாயத் திறங்க."

நான் திறக்கவில்லை. என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, குழந்தைக்குச் செய்கிற மாதிரி, "ஆ" என்றார். திறந்துவிட்டேன். டார்ச் அடித்து நாக்கின் இரண்டு ஓரத்தையும் பார்த்தார்.

"எத்தன நாளா?"

'நான்கு மாதம்' என்று எழுதினேன்.

"நாலு மாசமா நாக்கு இப்படி வெந்துபோய் இருந்திருக்கு. வீட்ல ஒருத்தர்கூட என்னன்னு கேக்கலியா?"

தம்பி தரையைப் பார்த்தான். பிறகு டாக்டரம்மா ஒரு இரும்புக் கவட்டையைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்து அதிருதா என்று கேட்டார். வைத்ததே தெரியவில்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூடியதும் வெட்டிப்போட்ட மரம் மாதிரி அவர்மேலேயே சாய்ந்துவிட்டேன். சர்க்கரை மாத்திரை எத்தனை வருஷமாக என்று கேட்டார். பதினோரு வருஷம். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். எழுதி முடிக்கச் சிலேட்டை இரண்டு தரம் துடைக்க வேண்டியிருந்தது. உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். மத்தியானம் மறுபடி கூப்பிட்டார்கள்.

"பி பன்னிரண்டுன்னு ஒரு வைட்டமின். ரத்தத்துக்கும் நரம்புக்கும் அதுதான் சாப்பாடு. இந்தச் சுகர் மாத்திரைய வருஷக்கணக்குல சாப்பிட்டா அது குறையும். மீன், முட்ட, பால்ல இருந்துதான் நமக்கு அது கிடைக்கணும். இவங்க அதையும் நிறுத்திட்டாங்க. உடம்பு முதல்ல நாக்குலதான் சொல்லும். சிவக்கும், வழுவழுன்னு ஆகும், எரியும். அப்ப வந்திருந்தா ஊசியோட போயிருக்கும். இப்ப நரம்புவரைக்கும் போயிருச்சு." தம்பியிடம்தான் சொன்னார். "ஊசி போடறோம். நாக்கு சீக்கிரம் சரியாயிடும்."

காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது கால் நினைப்பும் இல்லை. 'புள்ளி திரும்ப வருமா?' என்று எழுதிக் காட்டினேன். தம்பி வெட்கப்பட்டுக்கொண்டே கருநாக்கு கதையைச் சொன்னான். டாக்டரம்மா சிரித்துவிட்டுத் தன் நாக்கை நீட்டினார். சத்தியமாக நீட்டினார். நுனியில் இரண்டு கரும்புள்ளி.

"நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இருக்கும்மா. மச்சம் மாதிரி. நாக்கு மேல இருக்கிற சின்னச் சின்ன மொட்டுலதான் அந்தக் கருப்பு. மொட்டு உதிர்ந்ததால உங்களுக்குப் போயிருச்சு. வளர்ந்தா வரும். வரணும், அதுதான் குணமாகுதுன்னு அர்த்தம்."

வரும் போலிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் 'வரும்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் காதில் இருந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

பிரசவத்துக்குக் கோமதியைச் சங்கரன்கோவிலுக்கு அழைத்துப்போகவேண்டும் என்பது முறை. அவள் போக மறுத்துவிட்டாள். "மதினிக்கு ஊசி போட யாரு கூட்டிப்போவா? நான் இங்கயே இருக்கேன்." அவள் அம்மா சொல்லிப் பார்த்து, ஏசிப் பார்த்து, தனியாக பஸ் ஏறினார். கோமதிக்கு என்மேல் ஏன் இத்தனை அக்கறை என்று புரியவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. ஏழு முடிந்தது. இனி வாரம் ஒன்று. எரிச்சல் நின்றுவிட்டது. கோமதி வைத்த புளிக்குழம்பில் வெந்தயம் தெரிந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு! தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இப்படி ருசிப்பது தப்போ என்று பயந்தேன். டாக்டரம்மா முட்டை சாப்பிடச் சொல்கிறார். வேண்டுதலை எப்படி முறிப்பது?

பிப்ரவரி 13, வெள்ளி

வந்துவிட்டது. நடுப்புள்ளி. ஊசிமுனை அளவுதான், ஆனால் கருப்பு.

பிள்ளை பிறக்க இன்னும் ஐந்து வாரம்.

பிப்ரவரி 16, திங்கள்

தம்பியிடம் 'ஊசி முடிந்துவிட்டது, இனி இரண்டு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்கள்' என்று எழுதிக் காட்டினேன். நம்பிவிட்டான். கோமதி சிலேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுதுகிறபோது பொய் சொல்வது சுலபமாக இருக்கிறது. நாக்கு குழறுவதில்லை.

பிப்ரவரி 25, புதன்

எரிச்சல் மறுபடி வருகிறதா என்று தினமும் மிளகாயைக் கடித்துப் பார்க்கிறேன். வரவில்லை. புள்ளி அப்படியே இருக்கிறது. இரண்டாவதும் நிழல் மாதிரித் தெரிகிறது. சனியனே, ஒரு மாதம் பொறுக்கக்கூடாதா?

சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். மிஷினைத் தொட்டு மூன்று வாரம்.

மார்ச் 3, செவ்வாய்

குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். விழுந்துவிட்டேன். இடுப்பு எலும்பு தப்பித்தது. நெற்றியில் நான்கு தையல். தைத்தவர் கை சுத்தம்.

மார்ச் 5, வியாழன்

அமலி டீச்சர் தன் அளவு வேண்டும் என்று ஆள் அனுப்பியிருக்கிறார். வேறு கடையில் கொடுக்கப்போகிறார், அவர்மேல் தப்பில்லை. நான் படுத்திருந்ததால் கோமதி நோட்டை எடுத்தாள். தப்பான பக்கத்திலிருந்து புரட்டியிருக்கிறாள்.

ரொம்ப நேரம் அவளைக் காணோம். பிறகு நோட்டோடு என் கட்டில் பக்கத்தில் வந்து, அந்த வயிற்றோடு தரையில் உட்கார்ந்தாள்.

"மதினி, எல்லாத்தையும் படிச்சிட்டேன்."

கோபத்தில் நோட்டைப் பிடுங்கக் கையை நீட்டினேன். கை வேறெங்கோ போயிற்று.

"அந்த வாளித் தண்ணி சாயம் இல்ல மதினி."

நான் எழுந்து உட்காரப் பார்த்தேன்.

"திங்கக்கிழமையே ரத்தம் பட ஆரம்பிச்சிருச்சு. அதுக்கு முந்தின நாளு உங்க தம்பிட்ட சொல்லாம அம்மா வீட்டுக்குப் பஸ்ல போய்ட்டு வந்தேன்லா. சொன்னா அதனாலதான்னு ஏசுவாகன்னு பயம். சரியாப் போயிரும், சரியாப் போயிரும்னு வேலையச் செஞ்சிக்கிட்டே கெடந்தேன். வியாழக்கிழமை நீங்க அந்த வார்த்தை சொன்னீக. ஆஸ்பத்திரியில எல்லாரும் உங்க நாக்கச் சொன்னாக. யாரும் என்னைய ஒண்ணும் கேக்கல." நோட்டை மடியில் வைத்து மூடினாள். "எனக்கு அது தோதாப் போச்சு மதினி."

தோதாப் போச்சு.

சிலேட்டைத் தேடினேன். கழுத்தில்தான் இருந்தது. சாக்கட்டியை அவள்மேல் எறிந்தேன். அது சுவரில் பட்டது.

"இன்னைக்கே உங்க தம்பிட்ட சொல்லிருதேன்" என்றாள். குனிந்து சாக்கட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். ஒன்பதாவது மாதத்தில் எப்படிக் குனிகிறாள் பார்! 'பிரசவம் முடியட்டும்' என்று எழுதினேன். இரக்கத்தால் இல்லை. அவன் கத்துவான், இவள் அழுவாள், ஏதாவது ஆனால் அதுவும் என் தலையில்தான் விழும்.

மார்ச் 6, வெள்ளி

பின்னால் புரட்டிச் செப்டம்பர் மாதம் எழுதியதைப் படித்தேன். மஞ்சள் பாவாடை, செம்மண் தண்ணீர். என் கையெழுத்துதான். துணியோடேயே பிறந்து வளர்ந்தவள் நான். மஞ்சள் துணியில் சிவப்புச் சாயம் இறங்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அப்போதே தெரியும். எல்லாம் முடிந்த பிறகும் கேட்காமலே விட்டேன்.

கேட்டிருந்தால் என் நாக்கு வெறும் நாக்கு என்று ஆகியிருக்கும். அப்படியானால் என் வீட்டுக்காரர் லாரியில் போனதும் சும்மாதான் போனார், சும்மாதான் செத்தார். பதினெட்டு வருஷம் நான் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் கிடந்ததும் சும்மாதான். இதை நினைக்க எனக்குக் கருநாக்கே மேல் என்று தோன்றியிருக்கிறது.

தம்பியை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா திட்டினார். ஊசி போட்டார். "நடுவுல விட்டது தப்பு. இனி கால் எந்த அளவுக்குத் திரும்பும்னு என்னால சொல்ல முடியாதும்மா. கையும் அப்படித்தான்." பிடித்துக்கொண்டு நடக்க நான்கு கால் கம்பி ஒன்று எழுதிக்கொடுத்தார். மத்தியானம் ஒரு முட்டை தின்றேன். முருகனுக்கு வேண்டுமானால் என் கால் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 21, சனி

பெண். காலை பதினொன்று பத்துக்கு. தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, குழந்தை பக்கத்தில் வைத்தான். அழுதது. நன்றாகத் தொண்டை கிழிய அழுதது.

வேண்டுதல் முடிந்தது. "அக்கா, இப்ப பேசு, ஏதாவது பேசு" என்றான். பேச வரவில்லை.

மார்ச் 26, வியாழன்

இன்று வீட்டுக்கு வந்தார்கள். நான் மிஷின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதில் இனி தைக்கப்போவதில்லை, உட்கார வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். கோமதி ஆரத்தித் தண்ணீரைத் தாண்டி நேராக என்னிடம் வந்து குழந்தையை என் மடியில் வைத்தாள்.

அவள் அம்மா வேகமாக வந்தார். "ஏ, அவ மடியிலயா? வாயத் திறந்துரப்போறா..."

"திறக்கட்டும்மா. போன தடவ மதினி சொல்லி ஒண்ணும் நடக்கல. உனக்கும் அது தெரியும்ல? ரத்தம் முன்னாடியே பட்டத உன்ட்ட மட்டும் சொன்னேன்லா?"

அந்த அம்மா நின்ற இடத்தில் நின்றுவிட்டார். பையோடு நின்ற தம்பி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு நேராக என் கண்ணைப் பார்த்தான்.

"சொல்லுங்க மதினி" என்றாள் கோமதி. "என்ன வேணும்னாலும் சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

என்னிடம் நிறைய இருந்தது. ஏழு மாதமாகச் சேர்த்தது. உன் பயத்துக்கு என் கால் இரண்டும் போயிற்று என்று சொல்லலாம். வயிறெரிந்து ஒரு வார்த்தை விட்டால் இந்த வீடு அதற்குப் பிறகு தூங்காது. காலையில் கண்ணாடியில் பார்த்தேன், மூன்று புள்ளியும் பழையபடி இருக்கின்றன. நான் அவளை மன்னிக்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன், பிறகு யாராவது படித்தால் தெரியட்டும்.

குழந்தையைப் பார்த்தேன். சிவப்பாக, வாயைச் சப்பிக்கொண்டு. என் இரண்டு கையும் அதன் அடியில்தான் இருந்தன. ஆனால் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. சூடு தெரியவில்லை, கனம் தெரியவில்லை. கண்ணால் பார்த்தால்தான் கையில் பிள்ளை இருப்பது தெரிகிறது. பார்க்கப் பார்க்க அதன் தலை என் முழங்கையிலிருந்து மெதுவாகச் சரிந்தது. பிடிக்க நினைத்தேன். கை கேட்கவில்லை.

"கோமதி, எடு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "எடுத்துக்க. கைக்குத் தெரியல. பிள்ள விழுந்துரும்."

அவள் அம்மா "அய்யோ" என்று காதைப் பொத்திக்கொண்டார். கோமதி ஓடி வந்து வாரி எடுத்தாள்.

ஏழு மாதத்துக்குப் பிறகு நான் பேசிய பேச்சு அவ்வளவுதான். விழுந்துரும் என்று சொன்னேன். விழவில்லை. இதை எழுதும்போது குழந்தை கோமதியின் தோளில் தூங்குகிறது.